மார்கழியில ஏறுன கொழுப்பு சித்திரையில இறங்குமா?

மத்திகிரி மாப்ள (இழை தொடங்கியவர்)
வணக்கம் மக்களே. கம்பெனியில வருசத்துக்கு ரெண்டு தடவை ரத்தப் பரிசோதனை. போன மே மாசம் மொத்தக் கொலஸ்ட்ரால் 204. இப்ப ஜனவரியில 226. அதே லேப், அதே வெறும் வயிறு. நடுவுல நான் பெருசா எந்தப் பாவமும் செய்யலை. எடை மட்டும் ஒண்ணே கால் கிலோ கூடியிருக்கு. கேன்டீன்ல ஒருத்தர் "குளிர் காலத்துல எல்லாருக்கும் ஏறும், விடு"ன்றார். வீட்டுல எண்ணெய் பாட்டிலை மேல் பரண்ல ஏத்தியாச்சு.

அப்பா ராயக்கோட்டை பக்கம் இன்னும் கேழ்வரகு போடறவர், வயசு 66. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுக்கு எதுக்குடா காசு, அரைஞாண் கயிறு சொல்லாததையா இது சொல்லப் போவுது"ன்னார். அவர் கணக்குப்படி ஆடியில கயிறு இடுப்பெலும்புக்குக் கீழ இறங்கிடும், தைப் பொங்கலுக்கு வயித்துல தடம் பதிக்கும். வருசா வருசம் அப்படித்தானாம்.

கேள்வி இதுதான்: உடம்புல கொழுப்புக்குன்னு பருவம் இருக்கா, இல்ல இது அப்பா கதையும் கேன்டீன் கதையும் மட்டும்தானா?

மாங்கொட்டை
பாட்டில் பரண்ல ஏறினதுதான் உன் கொலஸ்ட்ராலைவிட வேகமா ஏறின விஷயம். காவேரிப்பட்டணத்துல இருந்து அனுதாபங்கள்.

கிருஷ்ணகிரி சிரிஞ்சு
லேப்ல 14 வருசமா ரத்தம் எடுக்கறவன், அந்த உரிமையில சொல்றேன். கேன்டீன்காரர் சொன்னது பாதி உண்மை.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 517 ஆரோக்கியமான ஆளுங்களை ஒரு வருசம் தொடர்ந்து பார்த்து 2004ல முடிவு வெளியிட்டாங்க. ஆண்களுக்கு டிசம்பர்லயும் பெண்களுக்கு ஜனவரியிலயும் மொத்தக் கொலஸ்ட்ரால் உச்சம். ஏற்ற இறக்கத்தோட வீச்சு ஆண்களுக்கு 3.9 மில்லிகிராம், பெண்களுக்கு 5.4. பார்க்கச் சின்னதுதான். ஆனா 'அதிகம்'னு குறிக்கற 240ங்கற கோட்டை ஒட்டி நிக்கறவங்க நிறைய பேர் இருப்பாங்க இல்லையா, அவங்க குளிர்ல கோட்டைத் தாண்டிடறாங்க. அதனால 240க்கு மேல இருந்தவங்க எண்ணிக்கை கோடையைவிட குளிர்ல 22 சதவீதம் கூடுதல்.

காரணம்? எல்லாரும் சாப்பாடுன்னு நினைப்போம். பெரிய பங்கு தண்ணிக்கு. கோடையில உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல பிளாஸ்மா கூடும். உங்க வீட்டுல கூழ் கரைக்கறதை நினைச்சுக்கங்க. அதே உருண்டை, ஒரு சொம்பு தண்ணி கூட ஊத்தினா கூழ் நீர்த்துப் போகும். உருண்டை கரைஞ்சு காணாமப் போயிடலை, பானையில அப்படியேதான் இருக்கு. கோடை ரிப்போர்ட்ல நீங்க பார்க்கறது நீர்த்த கூழ்.

மத்திகிரி மாப்ள
கூழ் புரிஞ்சுது அண்ணா. ஆனா அங்க வீச்சு நாலு, எனக்கு வித்தியாசம் 22. மீதி?

கிருஷ்ணகிரி சிரிஞ்சு
நல்லா கேட்டீங்க. முதல்ல, வீச்சுங்கறது நடுக்கோட்டுல இருந்து. மேல கீழ ரெண்டையும் சேர்த்தா எட்டு. அதுவும் பனி கொட்டற ஊர்ல. ஓசூர் எவ்வளவு குளிர்னாலும் அவங்களுக்கு அது வசந்தம், அதனால இங்க பருவத்தோட பங்கு இன்னும் குறைவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அடுத்து, ஒரே ஆளுக்கு ஒரே மாசத்துல ரெண்டு தடவை எடுத்தாலே மொத்தக் கொலஸ்ட்ரால் அஞ்சாறு சதவீதம் தானா ஆடும். 220க்கு அது 12, 13 வந்துடும். ட்ரைகிளிசரைடு இதைவிட மோசம், 20 சதவீதம் ஆடறதெல்லாம் சாதாரணம். முந்தின நாள் எருது விடற விழாவுக்குப் போய்ட்டு ராத்திரி கறியும் 'மத்ததும்' சாப்பிட்டு வந்து கை நீட்டறவங்களை நான் வாசனையிலயே கண்டுபிடிப்பேன்.

கடைசியா அந்த ஒண்ணே கால் கிலோ. அதைப் பருவத்து மேல போடாதீங்க.

சர்க்கரைக்கும் இந்த ஆட்டம் உண்டு. சர்க்கரை நோய் உள்ள அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ரெண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல பார்த்ததுல, மூணு மாச சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி) குளிர்ல சுமார் 0.2 புள்ளி கூடுதல்.

தளி பனி
எல்லாரும் ஏறுதுன்னே பேசறீங்க. குளிர் கொழுப்பை எரிக்கும்ங்க! பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு இருக்கு, குளிர் பட்டா அடுப்பு மாதிரி எரியும். நான் ரெண்டு மாசமா விடியக்காலை பச்சைத் தண்ணியில குளிக்கிறேன். எங்க ஊர் பச்சைத் தண்ணின்னா தெரியும்ல. மாப்ள அண்ணா, நீங்களும் ஆரம்பிங்க.

பென்னாகரம் வாத்தி
தம்பி பனி, உன் உற்சாகம் நல்லது. ஆனால் விஷயம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது. நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவன், நீளமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் தொப்பை என்று பிடித்துப் பார்ப்பது வெள்ளைக் கொழுப்பு. அது குதிர், தானியம் போட்டு வைக்கிற இடம். பழுப்புக் கொழுப்பு குதிர் இல்லை, தம்பி சொன்ன மாதிரி அடுப்புதான். அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக இருக்கும், அதிலுள்ள இரும்பால்தான் அந்த நிறம். அங்கே யுசிபி1 என்று ஒரு புரதம். மற்ற செல்களில் உணவை எரித்து வரும் சக்தி வேலைக்குப் போகிறது, இந்தப் புரதம் இருக்கும் இடத்தில் நேராக வெப்பமாகிவிடும். பிறந்த குழந்தைக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கத் தெரியாது, அதற்கு முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இந்த அடுப்பு இருக்கிறது. வளர்ந்தால் அணைந்துவிடும் என்றுதான் என் கல்லூரிக் காலத்தில் பாடம்.

அது தப்பு என்று தெரிய வந்த விதம்தான் ருசி. புற்றுநோய்க்கு எடுக்கிற பெட் ஸ்கேனில், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தி அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்கள். சிலருக்குக் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒளிரும். கட்டி என்றால் இப்படி இரு பக்கமும் ஒத்து வருமா? மேலும் இது குளிர்காலத்தில் அதிகம் தெரிந்தது. போர்வை போர்த்தி, அறையைச் சூடாக்கி ஸ்கேன் எடுத்தால் குறைந்துவிட்டது. படத்தைக் கெடுக்கிற தொல்லையாக நினைத்துப் போர்வையால் மூடிக்கொண்டிருந்த அதுதான் பழுப்புக் கொழுப்பு. 2009ல் ஒரே மருத்துவ இதழில் மூன்று குழுக்கள் தனித்தனியாக அறிவித்தன: வளர்ந்த மனிதர்களுக்கும் இது உண்டு, வேலையும் செய்கிறது. பாஸ்டன் குழு 1,972 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. பெண்களில் 7.5 சதவீதம், ஆண்களில் 3.1 சதவீதம் பேருக்கு தெரிந்தது. குளிருக்குப் போர்வையை முதலில் இழுப்பது என் வீட்டம்மாதான், இது வேறு கதை சொல்கிறது.

இப்போது பச்சைத் தண்ணீருக்கு வருவோம். ஜப்பானில் 2013ல் வந்த ஆய்வில் ஆட்களைத் தினம் 2 மணி நேரம் 17 டிகிரி அறையில் 6 வாரம் உட்கார வைத்தார்கள். பழுப்புக் கொழுப்பின் வேலை கூடியது, உடம்புக் கொழுப்பு சிறிதளவு குறைந்தது. தினம் ரெண்டு மணி நேரம்! நீ குளிப்பது ரெண்டு நிமிடம், அதிலும் ஒரு நிமிடம் கத்துவதில் போகும்.

தளி பனி
கத்தறதும் உடற்பயிற்சிதான் சார் 😄

மாங்கொட்டை
வாத்தியாரே, அப்ப குளிர் தேசத்துக்காரங்க எல்லாம் ஒல்லியா இருக்கணுமே?

பென்னாகரம் வாத்தி
அவர்கள் அடுப்பு பெரியது, விறகும் அதிகம் போடுகிறார்கள். சைபீரியாவில் யாகுட் மக்கள் வாழும் ஊர்களில் ஜனவரியில் மைனஸ் 40ஐத் தொடும். அவர்கள் சும்மா படுத்திருக்கும்போதே செலவாகும் சக்தி, உடல் அளவை வைத்துப் போடும் கணக்கைவிடக் கூடுதல். கிரீன்லாந்து இனூயிட் மக்களுக்கு மீனும் சீலும் திமிங்கலமும்தான் பல தலைமுறையாகச் சோறு. கொழுப்பு அமிலங்களைக் கையாளும் மரபணுக்களிலேயே அவர்களுக்கு மாற்றம் இருப்பதை 2015ல் காட்டினார்கள்.

நமக்கு? நெதர்லாந்தில் லைடன் நகரத்தில் 2014ல் வந்த ஓர் ஆய்வு. சின்னதுதான், பக்கத்துக்கு 12 பேர். அங்கேயே வாழும் தெற்காசிய வம்சாவளி இளைஞர்களுக்கு, வெள்ளைக்கார இளைஞர்களைவிடப் பழுப்புக் கொழுப்பும் குறைவு, சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் குறைவு.

இன்னொன்று, சூரிச்சில் 8,400க்கும் மேற்பட்ட ஸ்கேன்களை அலசி 2018ல் சொன்னது: பழுப்புக் கொழுப்பு தெரிந்தவர்கள் பெரும்பாலும் குளிர் மாதங்களில் கருவானவர்கள். எலியில் சோதித்தால் குளிர் பட வேண்டியது அப்பாவுக்கு, அம்மாவுக்கு இல்லை.

மாங்கொட்டை
ஆடியில பொண்ணை அம்மா வூட்டுக்கு அனுப்பறது சித்திரையில பிள்ளை பொறக்கக் கூடாதுன்னு. மார்கழியில மாப்பிள்ளையைத் தளிக்கு அனுப்பணும்னு இப்ப வாத்தியார் சேர்த்துச் சொல்றார். மண்டபக்காரங்க கவனிக்கவும்.

அரூர் அக்கா
எல்லாரும் குளிரையே சுத்தி வர்றீங்க. மாப்ள தம்பி, உங்க அப்பா சொன்னதை யாரும் கண்டுக்கவே இல்லை. அவர் குளிரைப் பத்தியா பேசினார்? ஆடியில தளரும், தையில இறுகும்னார். ஆடியில என்ன இருக்கு? விதைப்பு இருக்கு, குதிர்ல தானியம் இல்லை. தையில அறுப்பு முடிஞ்சு குதிர் நிறைஞ்சிருக்கும். நம்ம மானாவாரி ஊர்ல பருவம் வானத்துல இருந்து வயித்துக்கு வராது, குதிர்ல இருந்துதான் வரும்.

எங்க அம்மாயி சித்தேரி மலை அடிவாரம். கண்ணாடி வளையல் போட்டிருக்கும் இல்லையா, ஆவணி வரைக்கும் அதை முழங்கை கிட்ட தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டே களை வெட்டும், இல்லைன்னா கழண்டு மண்ணுல விழுந்துடும். கார்த்திகையில சாமை அறுத்து வீட்டுக்கு வந்து, மார்கழியில கேழ்வரகும் வந்து, பிதுக்கு பருப்புக் குழம்புன்னு ஒரு மாசம் போனா அதே வளையல் மணிக்கட்டைத் தாண்டாது. பொங்கலுக்குப் புது வளையல் போடறவர் வந்தா "ஒரு சைஸ் பெருசா குடு, ஆடியில எப்படியும் சரியாப் போயிடும்"னு சொல்லும். அப்ப எனக்கு அது ஜோக்குன்னு தோணுச்சு.

இதையே ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டுல கெனெபாங்கற கிராமத்துல பல வருசமா எடை பார்த்து எழுதியிருக்காங்க. அங்க மழை ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும். வயல் வேலை உச்சத்துல இருக்கும்போதுதான் தானியம் தீர்ந்து போயிருக்கும். பெண்கள் எடை வருசா வருசம் இறங்கும், அறுப்புக்கு அப்புறம் ஏறும். கர்ப்பிணிகளுக்கு உடம்பு தன் செலவையே குறைச்சுக்கும். அப்படியும் அந்த மாசங்கள்ல பொறக்கற குழந்தைங்க எடை குறைவு. கர்ப்பிணிகளுக்கு வேர்க்கடலை சேர்த்த பிஸ்கட் தினம் குடுத்துப் பார்த்தாங்க. பசிக்கால பிறப்பு எடை சராசரியா 201 கிராம் கூடுச்சு, அறுப்புக் காலத்துல 94 கிராம்தான். 1997ல வந்துச்சு. வேர்க்கடலைங்க! நம்ம ஊர்ல மூட்டை மூட்டையா கிடக்கறது.

அதே வருசம் இன்னொண்ணும் சொன்னாங்க, அது மனசுல இருந்து போகலை. பசிக்காலத்துல பொறந்தவங்க சின்ன வயசைத் தாண்டினப்புறமும், வாலிபத்துல சாகறது மத்தவங்களைவிட அதிகமா இருந்துச்சாம். எங்க அம்மாயிக்கு ஒன்பது பிள்ளை. எந்தெந்தப் பிள்ளை எந்த மாசம்னு இப்ப கேக்க ஆளில்லை.

மத்திகிரி மாப்ள
அக்கா, இதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அந்தம்மா களை வெட்டினவங்கதான்"னார். அவர் சர்டிபிகேட் லேசுல குடுக்க மாட்டார்.

இழைக் காவலர்
எடை குறைக்கும் பொடி விளம்பரம் ஒன்று நீக்கப்பட்டது. வாட்ஸ்அப் எண் போட்டால் கணக்கு முடக்கப்படும்.

தளி பனி
அக்கா சொன்னது சரின்னா, பஞ்சத்துல பிழைக்கத்தானே நம்ம உடம்பு கொழுப்பைச் சேர்க்குது? சிக்கன மரபணுன்னு படிச்சேன். அப்ப மாப்ள அண்ணன் மேல தப்பே இல்லை, முன்னோர் மேல கேஸ் போடலாம்.

பென்னாகரம் வாத்தி
ஜேம்ஸ் நீல் 1962ல் சொன்ன கருத்து அது. கேட்க அழகாக இருக்கும். அறுபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் அதில் குதிக்கவில்லை.

ஆனால் நம் உடம்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஒன்று உண்டு. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர், லண்டனில் ஜான் யட்கின். 2004ல் ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் வெளியிட்டார்கள். உயரம்-எடைக் குறியீடு ரெண்டு பேருக்கும் அச்சு அசலாக 22.3. ஒல்லி என்றுதான் யாரும் சொல்வார்கள். உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனேக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை மிகக் குறைவாகப் பிறக்கின்றன, ஆனால் முதுகுத் தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறை வைப்பதில்லை. தசையில் கஞ்சம், கொழுப்பில் தாராளம். அதனால் மாப்பிள்ளையின் ஒண்ணே கால் கிலோ ஒரு வெள்ளைக்காரரின் ஒண்ணே கால் கிலோ இல்லை.

மாங்கொட்டை
எங்க பருவத்தையும் சேர்த்துக்கங்க. மே பாதியில இருந்து ஜூலை வரைக்கும் பெங்களூரா மாங்காய் லோடு ஏத்தற பசங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசல்ல லாரி வரிசை, சாப்பாட்டுக்கு நேரமில்லை, கையில கிடைக்கறது மாம்பழம். சீசன் முடிஞ்சா ஆள் எலும்பும் தோலும். தீபாவளிக்குள்ள பழையபடி ஊதிடுவான். முதலாளிங்களுக்கு அதே சீசன்லதான் தொப்பை ஏறும், அதே பழம், ஆனா ஏசி ரூம். இதுக்கு எந்த மரபணு?

பென்னாகரம் வாத்தி
அடடா, இதை நினைத்தாலே மாஸா மக்கள் ஞாபகம் வருகிறது. கேமரூன் பக்கம். அங்கே ஆண்களைத் தனியாக உட்கார வைத்து ரெண்டு மாதம் பாலும் சோளக் களியும் ஊட்டி வேண்டுமென்றே கொழுக்க வைக்கிற சடங்கு உண்டு, குரு வாலா என்று பெயர். 9 பேரை அளந்தார்கள், சராசரியாக 17 கிலோ ஏறியிருந்தது. சடங்கு முடிந்து வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பியவர்கள் சுமார் ரெண்டரை வருடத்தில் பழைய எடைக்கே வந்துவிட்டார்கள். உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

அரூர் அக்கா
வாத்தியாரே, அந்தக் கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. அவங்களுக்குத் திரும்பிப் போக 'வழக்கமான வாழ்க்கை'ன்னு ஒண்ணு இருந்துச்சு.

அமெரிக்காவுல 195 பேரை நவம்பர் விருந்துல இருந்து புத்தாண்டு வரைக்கும் எடை பார்த்து 2000ல எழுதினாங்க. ஏறினது சராசரி 0.37 கிலோதான். எல்லாரும் அஞ்சு பவுண்டுன்னு, அதாவது ரெண்டேகால் கிலோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆனா அந்த ஏறின எடை கோடையில இறங்கவே இல்லை. அடுத்த வருசம் அது மேல இன்னொண்ணு.

நம்ம கதையும் இப்ப அப்படித்தான் ஆகிடுச்சு. 2011 ஜூன்ல இருந்து ரேஷன்ல அரிசி விலையில்லாம. தப்பா எடுத்துக்காதீங்க, அது வந்ததுக்கு அப்புறம்தான் எங்க பக்கம் ஆடி மாசம்னா பயம் போச்சு. எங்க அம்மாயி இருந்திருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். பசிக்காலம் வேணும்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அம்மாயி உடம்புக்கு இறுகற மாசமும் இருந்துச்சு, தளர்ற மாசமும் இருந்துச்சு. மாப்ள தம்பிக்குத் தீபாவளி, பொங்கல், கம்பெனி கேன்டீன், பக்கத்துல பெங்களூரு, எல்லாமே இறுகற மாசம்தான். தளர்ற மாசம் எது?

மத்திகிரி மாப்ள
ரெண்டு நாளா இதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன் அக்கா. பதில் இல்லை.

கிருஷ்ணகிரி சிரிஞ்சு
பதிலை அப்புறம் தேடலாம், முதல்ல இதைச் செய்யுங்க. ஏப்ரல்ல ஒரு தடவை எடுங்க, அடுத்த ஜனவரியில ஒரு தடவை. ஜனவரியை ஜனவரியோட ஒப்பிடுங்க, மே மாசத்தோட ஒப்பிடாதீங்க. எடுக்கறதுக்கு முந்தின நாள் விருந்து வேணாம். அதுக்குன்னு ஏப்ரல்ல எண் இறங்கிடுச்சுன்னு பாட்டிலைப் பரண்ல இருந்து இறக்கிடாதீங்க, நீர்த்த கூழ் ஞாபகம் இருக்கட்டும். மாத்திரை சாப்பிடறவங்க யாராவது இதைப் படிச்சா, கோடையில நிறுத்திக்கலாம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க.

மத்திகிரி மாப்ள (ஏப்ரல் கடைசி)
இழையை மேல தூக்கறதுக்கு மன்னிக்கவும். எடுத்தாச்சு, 211. எடை அரை கிலோ குறைஞ்சிருக்கு. சிரிஞ்சு அண்ணன் மிரட்டினதால கொண்டாடலை.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா புது அரைஞாண் கயிறு வாங்கிட்டு வரச் சொல்லி, அளவுக்குப் பழசைக் கழட்டிக் குடுத்தார். கறுப்பு போய் சாம்பல் ஆகிடுச்சு. சுருக்கு முடிச்சு மாட்டுற இடத்துல நூல் ரெண்டு இடத்துல மட்டும் தேஞ்சு மடங்கியிருக்கு. நடுவுல நாலு விரக்கடை. வெச்சு அளந்தேன். ஒண்ணு ஆடி, ஒண்ணு தை. நடுப்பகுதி புதுக் கயிறு மாதிரியே இருக்கு.

வீட்டுக்கு வந்து என் பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன். தேஞ்சது ஒரே ஓட்டை, கடைசி ஓட்டை.

மாங்கொட்டை
ராயக்கோட்டை சந்தையில கயிறு வாங்கும்போது எனக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கு மாப்ள. அளவு குடுக்க வெக்கமா இருக்கு, நீளமாவே பார்த்து வாங்கு.